களஆய்வில் சந்தித்தவர்களில் யாரை மறக்க முடியவில்லை? (வடசென்னை அனுபவங்கள்)

ஓட்டேரி ஆய்வாளன்:
பின்னி துணி ஆலைத் தொழிலாளர்களைப் பற்றித்தான் என் பிஎச்டி. 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்நின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம், 1996இல் ஆலை மூடியது, இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கு மனசை விட்டுப் போகாதவர் நெசவுப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெரியவர். தறிச் சத்தத்தில் காது மந்தம், கத்தித்தான் பேசுவார். மதியம் முழுக்கப் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். வாங்கி, தாளின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, துணியின் தரம் பார்ப்பதுபோலத் தேய்த்தார். படிக்கவில்லை. "எங்கண்ணன் நீட்ன பேப்பர்ல கையெழுத்து போட்டுதான் தம்பி வீட்ட உட்டேன். நான் பேசுனத எழுதிக்க. கையெழுத்து மட்டும் கேக்காத." கையெழுத்து இல்லாமல் சேர்க்கக் கூடாது என்று கைடு சொல்லிவிட்டார். அவர் பேசியதில் ஒரு வரிகூட ஆய்வேட்டில் இல்லை.

புளியந்தோப்பு பேத்தி:
எல்லோருக்கும் தெரியும் என்று 1918இல் இருந்து நேராக 1996க்குத் தாவிவிட்டீர்களே, நடுவில் 1921 எங்கே? பின்னி ஆலையில் வேலைநிறுத்தம் நடக்கும்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். கலவரத்தில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அந்தத் தொழிலாளர்கள் பக்கம் நின்று பேசினார். சங்க வரலாறு சொல்பவர்கள் இந்த இடத்தை ஒரு பத்தியில் கடந்துவிடுகிறார்கள்.

என் அனுபவம் எதிர்ப்பக்கத்திலிருந்து. எங்கள் வீட்டுக்கு ஒரு மாணவி வந்தார், குடியிருப்பு பற்றிய கேள்வித்தாளோடு. எத்தனை பேர், எந்த ஊர், தண்ணீர் எப்போது வரும். எங்கள் ஆயா பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், "எங்கம்மா சின்னப் புள்ளயா இருந்தப்ப கூரையெல்லாம் கொளுத்திட்டாங்க கண்ணு" என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் சொன்னார்: "அது அப்புறம் ஆயா, கழிவறை வீட்டுக்குள்ளயா வெளியவா?" ஆயா "உள்ள" என்றார். அதற்கு மேல் எதற்கும் ஒரு சொல்லுக்கு மேல் பதில் வரவில்லை. நூறு வருஷம் வாய்வழியாகவே வந்த சேதி அது. கேள்வித்தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

எழும்பூர் வாசகர்:
ஆவணக் காப்பகத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்த ஒரு பெரியவருக்கு ஆங்கிலக் கோப்பைப் படித்துச் சொன்னேன். முடித்ததும் "இதுல எங்க தாத்தா பேர் இருக்குதா?" என்றார். இல்லை. என் கதை அவ்வளவுதான்.

ஓட்டேரி நண்பருக்கு: கையெழுத்து வேண்டியதே இல்லை. ஒலிப்பதிவின் தொடக்கத்தில் ஆய்வு எதற்கு, யார் கேட்பார்கள், பெயரை மறைக்கலாமா, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லி, அவர் சம்மதத்தை அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். வாய்மொழி வரலாற்றில் இது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், களத்துக்குப் போய் வந்த பிறகு கேட்டால் சிக்கல். 1921க்கு அரசாணைகளை மட்டும் நம்பாதீர்கள், அதில் பேசுவது போலீசும் கலெக்டரும்தான். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களைக் கேட்டுப் பாருங்கள். திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகளையும் படியுங்கள், ஆனால் அவர் சங்கத்தின் ஆள் என்பதை மனசில் வைத்துக்கொண்டு. ஒரே சம்பவத்துக்கு மூன்று தரப்பும் கிடைக்காமல் எழுதத் தொடங்காதீர்கள்.

புளியந்தோப்பு பேத்தி:
ஐயா, மூன்றாவது தரப்பு நூலகத்தில் இல்லை. எங்கள் தெருவில் இருக்கிறது.

காசிமேட்டுக்காரன்:
நான் ஆய்வாளன் இல்லை, கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்தவன். சுனாமிக்கு அப்புறம் வராத ஆளில்லை. வலை எவ்வளவு, படகு எவ்வளவு, கடன் எவ்வளவு. ஒரே ஒரு தம்பி மட்டும் எழுதி முடித்ததைக் கொண்டுவந்து, ஏலக்கூடத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டினார். எங்க அக்கா பாதியில் நிறுத்தி, "வட்டி தப்பா போட்ருக்க, அது மாசத்துக்கு இல்ல, வாரத்துக்கு" என்றார். அங்கேயே திருத்தினார். அவர் இன்றைக்கு வந்தாலும் உட்கார வைத்துப் பேசுவோம்.

ஓட்டேரி ஆய்வாளன்:
புளியந்தோப்பு அக்கா, ஆயாவைப் பார்க்க வரலாமா? 1921 பற்றி மட்டும் கேட்கிறேன். எழுதியதும் கொண்டுவந்து வாசித்துக் காட்டுகிறேன்.

புளியந்தோப்பு பேத்தி:
ஆயாவைக் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்க, மதியத்துக்கு மேல் தூங்கிவிடுவார். கேள்வித்தாள் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பாட்டியும் வருகிறேன் என்கிறார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது, தனித்தனியாகக் கேளுங்கள்.