ஏழு வார்த்தைக்கு ஆள் வேண்டும்

கொரோனா ஊரடங்கில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பேசிக்கொண்டது. தம்பி ஊர்ச் சபையின் போதகர். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம்.

ஏப்ரல் 4, 2020, சனி

தம்பி ஐயர்: நாளை குருத்தோலை ஞாயிறு. பவனி கிடையாது என்று சேகரத்துச் சபை முழுக்கச் சொல்லியாயிற்று. மணி அடிக்கிற அண்ணாச்சி பனையில் ஏறி நாலு குருத்து வெட்டி வைத்திருக்கிறார். சிலுவை முடைந்து வீட்டுக்கு ஒன்றாக வாசலில் செருகிவிடவா என்று கேட்கிறார். அக்கா, என்ன சொல்கிறாய்?

நான்: எத்தனை வீடு?

தம்பி ஐயர்: 140 தலைக்கட்டு.

நான்: 140 வாசலில் ஒரே ஆள் கை வைப்பதா? ஆஸ்பத்திரி வார்டில் கதவையே முழங்கையால் தள்ளிக்கொண்டு இருக்கிறோம். அவரவர் வீட்டில் முடையச் சொல். உங்கள் ஊரில் பனைக்கா பஞ்சம்?

பாளை சித்தப்பா: விசுவாசம் இருந்தால் ஓலையில் நோய் ஒட்டாது.

நான்: முந்தாநாள் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களாமே, சித்தி சொன்னார்கள்.

பாளை சித்தப்பா: அது பால்.

தம்பி ஐயர்: சித்தப்பா, 1527-ல் விட்டன்பர்க்கில் பிளேக் வந்தபோது லூத்தர் ஊரை விட்டுப் போகவில்லை. நோயாளிகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். அதே மனுஷன்தான், எனக்கு வேலை இல்லாத இடத்துக்குப் போகமாட்டேன், என்னால் ஒருவருக்கும் தொற்றிவிடக் கூடாது என்றும் எழுதினார். அக்கா சொல்வதுதான் சரி. ஓலை வேண்டாம்.

அம்மா: நானும் ஓலை கேட்கலாம் என்று இருந்தேன். சரி விடு.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஐயரம்மா: ஆராதனை 7 மணிக்கு வந்திருக்க வேண்டும், மன்னிக்கவும். ஓசன்னா பாடி முடிக்கிற நேரத்தில் சின்னவன் போனை எடுத்து அழித்துவிட்டான். உங்கள் தம்பி அங்கியோடு உட்கார்ந்து இரண்டாம் முறை பேசிக்கொண்டிருக்கிறார். முதல் முறை பேசியதுதான் நன்றாக இருந்தது, மதினி.

துபாய் தங்கச்சி: சிரித்துவிட்டேன். இங்கே மார்ச் நடுவிலேயே எல்லா ஆலயத்தையும் பூட்டிவிட்டார்கள். நாங்கள் நாலு பேரும் சோபாவில் உட்கார்ந்துதான் ஆராதனை. இவர் முதல் நாள் சாக்ஸ் ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். இன்றைக்குக் கைலி.

பாளை சித்தப்பா: இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி மிச்சம் இருக்கிறதா என்று சித்தி தேடுகிறாள்.

அம்மா: எனக்கு ஒரு பாஸ் எடுத்துக் கொடுங்கள். ஈஸ்டருக்கு ஊரில் இருக்க வேண்டும்.

நான்: அம்மா, கல்யாணம், சாவு, வைத்தியம் மூன்றுக்கும்தான் பாஸ் தருகிறார்கள். கண் ஆபரேஷனுக்குப் பிப்ரவரியில் வந்தவர்களுக்கு ஊர் திரும்ப என்று ஒரு பாஸ் இல்லை.

துபாய் தங்கச்சி: ஒரே வீட்டில் இருந்துகொண்டு குரூப்பில் பேசிக்கொள்கிறீர்களா?

நான்: டூட்டிக்குப் போய்வருகிறவள் பக்கத்தில் போகலாமா? அம்மா உள் அறையில். நான் ஹாலில். நடுவில் ஒரு ஸ்டூல். அதில் தட்டை வைத்துவிட்டு அம்மா கதவைச் சாத்திக்கொள்வார்கள், நான் போய் எடுத்துக்கொள்வேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

தம்பி ஐயர்: பெரிய வெள்ளி மும்மணி தியானத்துக்கு இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கு வருஷா வருஷம் ஏழு பேர் பேச வருவார்கள். இந்த வருஷம் நான் ஒருவன்தான். ஏழையும் நானே பேசினால் மூன்றாவதிலேயே ஊர் தூங்கிவிடும். அதனால் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு வார்த்தை. குரல் பதிவாக அனுப்புங்கள், நான் கோர்த்துக்கொள்கிறேன். ஆளுக்கு 10 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம்.

பாளை சித்தப்பா: முதல் வார்த்தை எனக்கு. 34 வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன், மன்னிப்பைப் பற்றி எனக்குத் தெரியாதா?

துபாய் தங்கச்சி: எத்தனை பையன்களை அடித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சித்தப்பா. எனக்கு இரண்டு.

தம்பி ஐயர்: நாலு அக்காவுக்கு. ஐந்து இவளுக்கு. ஆறு நம் உபதேசியாருக்கு. ஏழு எனக்கு. மூன்று அம்மாவுக்கு.

அம்மா: நான் ஐயரைப் பெற்றவள், ஐயர் இல்லை.

தம்பி ஐயர்: மூன்றாம் வார்த்தையே தாய்க்கும் மகனுக்கும்தானே அம்மா. நீங்கள்தான் பேச வேண்டும்.

அம்மா: பிரசங்க பீடத்தை நான் தூத்துப் பெருக்கியிருக்கிறேன். அதில் நின்றதில்லை.

பாளை சித்தப்பா: மதினி, இப்போது பீடம் ஏது? ஸ்டூல்தான்.

ஏப்ரல் 8, புதன்

துபாய் தங்கச்சி: காணிக்கை எப்படி நடக்கிறது? மூன்று வாரமாக உண்டியல் இல்லையே. தம்பி, ஒரு கியூஆர் கோடு போடேன். ஜிபேயில் அனுப்பிவிடுவார்கள்.

தம்பி ஐயர்: பனையேறி வீட்டில் கோடு எங்கே ஒட்ட? பதநீர்க் காலத்தில்தான் கையில் நாலு காசு புரளும், இப்போது அதை வாங்கவே ஆள் இல்லை. இந்த நேரத்தில் நான் போய்க் கேட்கவா?

ஐயரம்மா: மதினி, இவர் சொல்லமாட்டார், நானே சொல்கிறேன். என் பள்ளிக்கூடத்தில் பாதிச் சம்பளம்தான் வந்தது. ஆனால் நேற்றுக் காலையில் கேட்டுக் கம்பியில் வெற்றிலை மடிப்பு ஒன்று செருகி இருந்தது. உள்ளே ஒரு 20 ரூபாய், சுண்ணாம்புக் கறையோடு. யார் வைத்தது என்று எனக்குத் தெரியும். இவரிடம் சொல்லவில்லை, சொன்னால் திருப்பிக் கொடுக்கப் போய்விடுவார்.

ஐயரம்மா: அப்புறம் கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போடுகிற பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மாதம் முடிந்தால் கோயிலுக்கு வரும். இந்த மாதம் கோயிலுக்கு வேண்டாம், பக்கத்தில் அடுப்பு எரியாத வீடு எது என்று உங்களுக்கே தெரியும், அங்கே கொடுங்கள் என்று போன் போட்டுச் சொன்னேன். பட்டன் போன் வீடுகள் 38. மூன்று நாள் ஆயிற்று. இப்போது தொண்டை இல்லை.

நான்: தாகமாயிருக்கிறேன் என்கிற உன் ஐந்தாம் வார்த்தையில் இதையே பேசு.

ஐயரம்மா: இன்னொன்று. செங்கல் சூளையில் பீகார்ப் பிள்ளைகள் 11 பேர் மாட்டிக்கொண்டார்கள். ரேஷன் கார்டு இல்லை, அதனால் ஊரடங்குக்கு அரசு தருகிற அந்த 1000 ரூபாயும் இல்லை. நாங்கள் கொடுத்த புழுங்கலரிசி அவர்களுக்கு இறங்கவில்லை. ஒரு பையன் கையால் தட்டிக் காட்டினான், ரொட்டியாம். 1 மணிக்குக் கடை சாத்துவதற்குள் ஓடிப்போய் 15 கிலோ கோதுமை மாவு வாங்கிக் கொடுத்தோம். கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 9, வியாழன்

தம்பி ஐயர்: நம் தெற்குத் தெருப் பெரியவர் காலையில் தவறிவிட்டார். கொரோனா இல்லை, நெஞ்சுவலிதான். மகன்கள் இரண்டு பேரும் பம்பாயில். ரயில் இல்லை, விமானமும் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்கு 20 பேர்தான் வரலாம் என்பதால் வாசலில் நின்று எண்ணி எண்ணி உள்ளே விட்டேன். 21-வது ஆளாக வந்தவர் அவர் கூடப் படித்தவர். திரும்பிப் போகச் சொன்னேன், போய்விட்டார். ஒரு பையன் போனைப் பெட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். மண் போடும்போது மூத்தவர் போனிலிருந்து "எங்கள் பங்குக்கும் ஒரு பிடி" என்றார். இரண்டு பிடி போட்டேன்.

அம்மா: சாப்பிட்டாயா?

ஐயரம்மா: பின்கட்டுக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். சின்னவன் அப்பா என்று ஓடினான். ஈரத்தோடு கையைத் தூக்கிக்கொண்டு, போலீஸ் பிடித்த திருடன் மாதிரி நின்றார்.

தம்பி ஐயர்: சித்தப்பா, உங்கள் பதிவு 27 நிமிஷம் 40 விநாடி.

பாளை சித்தப்பா: எதை வெட்டுவாய்? எல்லாமே முக்கியம்.

தம்பி ஐயர்: 1968-ல் உங்கள் சைக்கிள் திருட்டுப் போனது வரைக்கும் வெட்டலாம்.

துபாய் தங்கச்சி: அதுதான் நன்றாக இருந்தது!

நான்: என்னுடையது 6 நிமிஷம். டூட்டி முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் பேசினேன், எதிரொலிக்கும். ஏன் என்னைக் கைவிட்டீர் என்பதுதானே நாலாம் வார்த்தை, கைவிடப்பட்டதைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறவருக்கு என் கண் மட்டும்தான் தெரியும், அதனால் கண்ணால் சிரிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் சொன்னேன். சரிப்படுமா?

தம்பி ஐயர்: அப்படியே போடுகிறேன்.

அம்மா: குரல் பதிவு 2:10

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

தம்பி ஐயர்: 12 மணிக்கு முதல் பதிவு போயாயிற்று. அரை மணிக்கு ஒன்றாக வரும். நடுவில் ஞானப்பாட்டை அவரவர் வீட்டிலேயே பாடிக்கொள்ளவும்.

பாளை சித்தப்பா: சைக்கிளை வெட்டிவிட்டான்.

துபாய் தங்கச்சி: மதினி, ஐந்தாம் வார்த்தையில் குக்கர் விசில் கேட்கிறது. தாகம் என்று நீங்கள் நிறுத்துகிறீர்கள், சரியாக அந்த நேரத்தில்!

ஐயரம்மா: சூளைப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. திரும்பப் பேச நேரம் இல்லை. ஊரில் இரண்டு பேர் போன் போட்டு, உபவாச நாளில் ஐயர் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டுவிட்டார்கள்.

அம்மா: நான் பேசியது சரியாக இருந்ததா? யாரும் ஒன்றும் எழுதவில்லை.

ஐயரம்மா: அத்தை, உங்கள் மகன் அதைப் பின்கட்டில் நின்று கேட்டார். இன்னும் உள்ளே வரவில்லை.

நான்: அம்மா, நான் ஹாலில் இருந்துதான் கேட்டேன். போனிலும் வந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் நீங்களும் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், அதுவும் வந்தது. ஒரு நொடி முன்னும் பின்னுமாக.

பாளை சித்தப்பா: மதினி, நான் 27 நிமிஷம் பேசியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 12, ஈஸ்டர், காலை 4:05

தம்பி ஐயர்: குரல் பதிவு 0:48

தம்பி ஐயர்: மணி மட்டும் அடித்தோம். கோயிலுக்குள் அண்ணாச்சியும் நானும்தான். வெளியே வந்து பார்த்தால் தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் விளக்கு, ஆட்கள் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் தெருவில் இறங்கவில்லை. உயிர்த்தெழுந்தார் என்று நான் அங்கியோடு தெருமுனையில் நின்று கத்தினேன். பதில் வாசல் வாசலாக வந்தது, கடைசி வீட்டிலிருந்து வர ரொம்ப நேரம் ஆயிற்று.

துபாய் தங்கச்சி: இங்கே இன்னும் நடுராத்திரிதான். விழித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நான்: அம்மா அந்த 48 விநாடியை மூன்றாம் தடவை போட்டுக் கேட்கிறார்கள்.

அம்மா: தம்பி, அண்ணாச்சிக்கு இன்னும் தோள்வலி இருக்கிறதா? நாலாவது அடி தள்ளி விழுகிறதே.