டப்ளினில் கேமரா தொலைந்துவிட்டது, உதவி தேவை

சனிக்கிழமை டப்ளினில் நானும் மனைவியும் சுற்றியபோது கேமராவைத் தொலைத்துவிட்டோம். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100வி, வெள்ளி நிறம், பழுப்புத் தோல் வார், அதன் ஓரத்தில் அவள் சிவப்பு நூலால் போட்ட நாலு தையல் இருக்கும். காலையில் டிரினிட்டி கல்லூரி, மதியம் 2 மணிக்கு 1816-இல் கட்டிய ஹேபென்னி பாலத்தில் நின்று லிஃபி ஆற்றைப் படமெடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் டெம்பிள் பார் பகுதியில் மூன்று பப். கடைசி பப்பில் ஃபிடில் கேட்டபடி கின்னஸ் பீரின் நுரை அடங்கக் காத்திருந்தோமே, அப்போது மேசையில் இருந்ததா என்றுதான் தெரியவில்லை. இரவு 8 மணிக்கு விடுதியில்தான் கவனித்தோம்.

மறுநாளே மூன்று பப்பிலும் கேட்டாச்சு, கார்டா (அயர்லாந்து போலீஸ்) நிலையத்தில் எழுதிக் கொடுத்தாச்சு. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் முதல் பயணப் படங்கள் மொத்தமும் அதில்தான். வியாழக்கிழமை விமானம். டப்ளினில் இருப்பவர்களே, அதற்குள் வேறு எங்கே போய்க் கேட்கலாம்?