ஜெனரல் குமாரமங்கலம் பற்றிய காட்சிப் பலகை: பீரங்கிப் படையில் இருந்தவர்கள் உதவவும்

மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக வைக்கப்போகும் பலகை இது. 4 அடிக்கு 3 அடி. 1966 முதல் 1969 வரை ராணுவத் தளபதியாக இருந்த பி.பி. குமாரமங்கலம்தான் பொருள். பீரங்கிப் படைக்காரர், 1942 வட ஆப்பிரிக்கப் போருக்காக டி.எஸ்.ஓ. (பிரிட்டிஷ் ராணுவ விருது) பெற்றவர், அந்தப் போரில் போர்க்கைதியானவர். 1970இல் பத்ம விபூஷண்.

வரைகிறவர்கள் சறுக்குவது தோள்பட்டைச் சின்னத்தில். ஜெனரல் என்றால் குறுக்காக வைத்த வாளும் கோலும், மேலே ஒரு நட்சத்திரம், அதற்கு மேல் அசோகச் சிங்கம். நட்சத்திரத்தை விட்டால் அது லெப்டினன்ட் ஜெனரல். சிங்கத்தை விட்டால் மேஜர் ஜெனரல். 1942 படத்தில் சிங்கமே வரக்கூடாது, அப்போது பிரிட்டிஷ் கிரீடம். இணையத்தில் கிடைப்பதை அப்படியே ஒட்டினால் தம்பி மோகன் குமாரமங்கலத்தின் படம் வந்துவிடும். அவர் மத்திய அமைச்சர், ஆளே வேறு!

தேவை இரண்டு. மார்பு ரிப்பன்களின் வரிசை: டி.எஸ்.ஓ. (சிவப்பு, ஓரத்தில் நீலம்) சுதந்திரத்துக்குப் பிந்தைய பதக்கங்களுக்கு முன்னா, பின்னா? அந்தக் காலத்துச் சீருடை அணிந்தவர்கள் சொன்னால் நல்லது. அடுத்து, தளபதியாக இருந்தபோது எடுத்த படம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன். ஒரு அடி அகலத்துக்கு 3600 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்க.

பலகையைச் சுவரில் மாட்டப் பித்தளைத் திருகுதான். இரும்பு ஆணி இந்த உப்புக்காற்றில் ஒரு வாடைக்கே துருவடிந்து படத்தில் இறங்கிவிடும்.