உவர்த்தண்ணீர் குடித்த வண்டி

என்னிடம் இருப்பது 2004 மாடல் மாருதி 800, அப்பா ஓட்டிய வண்டி. வீடு உச்சிப்புளி பக்கம். ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இந்தக் கடற்கரையில் இன்னும் நிறைய பேருக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது.

மூன்று வருடம் முன்பு ஒரு மே மாத ஞாயிறு, ராமேசுவரத்திலிருந்து திரும்பும்போது பாம்பன் சாலைப் பாலத்தில் மாட்டிக்கொண்டேன். கடலையும் ரயில் பாலத்தையும் பார்க்க ஆளாளுக்கு வண்டியை ஓரம் கட்டியிருந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். முழுக்க ஊர்ந்துதான் வர வேண்டியிருந்தது. வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ஏசியை நிறுத்தினேன். ஹீட்டரை முழுதாகத் திறந்தால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும் என்று தெரியும், ஆனால் நம் ஊரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? அதன் வால்வு இறுகிக் கிடந்தது. மண்டபம் பக்கம் இறங்கியதும் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டேன்.

"தம்பி, கையை எடுங்க!" என்று ஒரு அதட்டல். விசைப்படகு மெஷின் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். அவர் மட்டும் சத்தம் போடாமல் இருந்திருந்தால் என் முகம் வெந்திருக்கும். அந்த மூடி ஏறக்குறைய 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், மொத்தமும் பொங்கி மேலே அடிக்கும்.

முக்கால் மணி நேரம் கழித்து அவரே மெல்லத் திறந்தார். உள்ளே செங்கல் நிறத்தில் குழம்பு மாதிரி கிடந்தது.

"என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"வீட்டு போர்த் தண்ணிதான்ணே."

"படகுல உப்புத்தண்ணி ஓடுற பக்கத்தை நாங்க அடிக்கடி கழட்டிப் பார்க்கிறோம். நீங்க உப்பை உள்ளே அடைச்சு வச்சுக்கிட்டு வருசக்கணக்கா ஓட்டுறீங்களே."

அந்தக் கேள்விதான் என்னை வேலையில் இறக்கியது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகக் காறை படிகிறதே, அதேதான் இன்ஜினுக்குள்ளும் படிகிறது. காறை படிந்த இடத்தில் சூடு வெளியேறாது. உப்பு தன் பங்குக்கு அலுமினிய சிலிண்டர் ஹெட்டை அரிக்கும். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் இதற்கு அதுவும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. அதில் பாதி, கூலண்ட் என்று கடையில் விற்கும் குளிர்விப்புத் திரவம் பாதி.

முதலில் காட்டிய மெக்கானிக், "இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு? கழட்டி எறிஞ்சிடுங்க" என்றார். பலரும் இதையே சொல்கிறார்கள், எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைத்து, சூடானதும் திறக்கும் வால்வு. அது இல்லாவிட்டால் இன்ஜின் தனக்குரிய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும், பெட்ரோல் குடிக்கும். கழற்றியதை எறியாமல், பழைய பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். தெர்மோமீட்டர் 82-ஐ நெருங்கும்போது திறக்க வேண்டியது, தண்ணீர் தளதளவென்று கொதித்தபோதும் திறக்கவில்லை. புதிது வாங்கி, அதையும் அதே பாத்திரத்தில் போட்டுப் பார்த்த பிறகே மாட்டினேன்.

புது ரேடியேட்டர் மூடி வாங்கக் கீழக்கரை போனேன். உதிரிபாகக் கடைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), "காலையில மேல் ஹோஸ் சப்பையா இருக்குதா?" என்று கேட்டார். ஆமாம், பல நாள் பார்த்திருக்கிறேன். மூடிக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. இன்ஜின் ஆறும்போது அது திறந்து ரிசர்வ் டப்பாவிலிருந்து கூலண்டைத் திரும்ப உறிஞ்ச விடும். அது ஒட்டிக்கொண்டால் வெற்றிடத்தில் ஹோஸ் அமுங்கிவிடும். அந்த ஒரு கேள்வி இல்லையென்றால் ஹோஸைத்தான் மாற்றியிருப்பேன்.

ரேடியேட்டரையும் இன்ஜினையும் உட்புறம் கழுவும்போது ஹீட்டர் வால்வை எண்ணெய் விட்டு இளக்கித் திறந்து வைத்தேன், இல்லாவிட்டால் பழைய தண்ணீர் அதற்குள்ளேயே தங்கிவிடும். ஐந்தாவது முறைதான் தெளிவாக வந்தது. நிரப்பும்போது அவசரமே கூடாது. முன் சக்கரங்களைச் சற்று உயரத்தில் ஏற்றி, மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு மேல் ஹோஸை விட்டு விட்டு அமுக்கினால் காற்றுக் குமிழ்கள் வரும். ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை பக்கத்திலேயே இருந்தேன். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் பார்த்தால் அளவு இறங்கியிருந்தது, நிரப்பினேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். பேசினில் பிடித்து வைத்ததை எங்கள் வெள்ளாடு முகர வந்துவிட்டது, ஓடிப்போய் இழுத்தேன். அன்றிலிருந்து வடித்ததை உடனே கேனில் ஊற்றி மூடிவிடுகிறேன்.

தனுஷ்கோடி போய் வந்தால் ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, வேகமில்லாமல். உப்புக்காற்றில் ஃபின்கள் எனும் மெல்லிய தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிரும், ஆடிக்காற்று மணலையும் சேர்த்து அடைக்கும்.

போன மே மாதம் அதே பாலத்தில் அதே நெரிசல். முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. கீழ் ஹோஸ் மட்டும் கிளிப் பக்கத்தில் கொழகொழவென்று ஆகியிருக்கிறது, சித்திரை பிறப்பதற்குள் மாற்றிவிடுவேன்.