எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இத்தாலியின் ஸ்டெல்வியோ மலைக் கணவாய் ஏறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஜூலையில் பழைய கார் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து இங்கிலாந்திலிருந்து ஆல்ப்ஸுக்கு ராலி போகிறோம். என் வண்டி 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர், 1798 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு. யூகே ஸ்டிக்கர், எதிரே வருபவர் கண் கூசாதிருக்க ஹெட்லைட்டில் ஒட்டும் பட்டை, சுவிஸ் விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டண ஸ்டிக்கர்) எல்லாம் வாங்கியாச்சு. பிரான்ஸில் எஸ்பி98 பெட்ரோல் போடலாம், எத்தனால் 5 சதவீதத்தைத் தாண்டாது, பழைய ரப்பர் குழாய்கள் பிழைக்கும்.

கவலை மலைதான். ஸ்டெல்வியோ 2757 மீட்டர், அடிவாரத்து ஊரான பிராட்டோ பக்கமிருந்து 48 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப்போகக் காற்று மெலிந்து, கலவையில் பெட்ரோல் கூடிப்போய் வண்டி திணறுமாம். ஏறும் முன், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டுக்கு அடியில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி பெட்ரோலைக் குறைத்தால் போதுமா, இல்லை ஜெட்டுக்குள் இறங்கும் ஊசியையே மாற்ற வேண்டுமா? இறங்கியதும் நட்டைத் திருப்பி வைக்க மறந்தால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடாகிவிடுமே என்று வேறு பயம்.

அப்புறம் பிரேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இரண்டாவது கியரிலேயே இறங்கினால் தாங்குமா? புது பிரேக் ஆயில் ஊற்றிவிட்டேன், பேடும் மாற்ற வேண்டுமா? அந்தப் பக்கம் ஓட்டியவர்கள் சொல்லுங்கள், உதிரி பாகப் பட்டியல் இருந்தாலும் போடுங்கள். டிக்கியில் இடம் குறைவு, பாதியை ஸ்டெப்னியே பிடித்துக்கொள்கிறது.