டார்ட்மூர்ல ஓடை ஓரமா வரிவரியா மண்மேடு இருக்கே, இது என்னதுங்க?

பிளிமத்வாசி:
வணக்கம் மக்களே. வேலை விஷயமா இங்கிலாந்துல டெவன் மாவட்டத்துல இருக்கேன், லீவு கிடைச்சா அங்க இருக்கற டார்ட்மூர் மேட்டுநிலத்துல நடக்கப் போயிடுவேன். மெரிவேல் பக்கம் வாக்கம் ஆத்தோரமா போறப்ப பள்ளத்தாக்கு அடியில புல் மூடின மேடுங்க நீளநீளமா ஒண்ணுக்கொண்ணு இணையா கிடக்கு, நடுநடுவுல சதுப்பு, ரெண்டு பக்கமும் கரை வெட்டிவிட்ட மாதிரி செங்குத்தா இறங்குது. அங்கேயே மேல வெண்கலக் கால நடுகல் வரிசை இருக்கறதால இதுவும் அந்தக் காலப் புதைமேடா இருக்கும்னு கூட வந்தவர் சொல்றாரு. லைடார் படம் (விமானத்துல இருந்து லேசர் விட்டுத் தரையோட மேடுபள்ளத்த எடுக்கறது) போட்டுப் பாத்தேன், சீப்பால வாரின மாதிரி கோடு கோடா வருது. புதைமேடா, பழைய வயலா, வேற எதாவதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கருங்கல்பித்தன்:
புதைமேடும் இல்ல வயலும் இல்ல சகோ, அது டின் எடுத்த இடம். டின்னுன்னா வெள்ளீயம், ரசம் வைக்கிற ஈயச்சொம்பு செய்யற அதே உலோகம். கருங்கல்லுக்குள்ள ஓடற தாது மழையிலயும் பனியிலயும் உடைஞ்சு பல்லாயிரம் வருஷமா அடிச்சிட்டு வந்து பள்ளத்தாக்கு சரளையில படிஞ்சிருக்கும். தாதோட அடர்த்தி 7 கிட்ட, கூட கிடக்கற குவார்ட்ஸ் மணலுக்கு 2.6 தான். அதனால மேல எங்கயோ இருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணி கொண்டாந்து சரளை மேல விட்டா லேசான மணலெல்லாம் அடிச்சிட்டுப் போயிடும், தாது அடியில தங்கிடும், நம்ம வீட்ல அரிசி அரிக்கிறப்ப கல்லு அடியில நிக்குமே அப்படி. பெரிய கல்லையெல்லாம் கையால பொறுக்கிப் பின்னாடி அடுக்கி வச்சிட்டு ஓடைக்கு எதிரா மேல் நோக்கி வெட்டிட்டே போவாங்க, அந்த அடுக்குதான் நீங்க பாத்த வரி. செங்குத்தா இருக்குன்னு சொன்னீங்களே, அது அவங்க வெட்டி நிறுத்தின கடைசி விளிம்பு. அடுத்த தடவை மலைச்சரிவுல சமமட்டமா போற காஞ்ச வாய்க்கால் தடம் தெரியுதான்னு பாருங்க, கண்டிப்பா ஒண்ணு இருக்கும்.

ஒண்ணு மட்டும் கவனம், எல்லா மேடும் இது ஆகாது. தனியா, நீள்சதுரமா, சுத்தி சின்னக் காவாயோட சரிவுல இருந்தா அது முயல் வளர்க்கறதுக்குக் கட்டின மேடு, டார்ட்மூர்ல அதுவும் நிறைய.

கடல்வழி:
அந்த ஏரியாவுக்கு ஃபினிஷியர்கள், அதான் மத்தியதரைக் கடலோட கிழக்குக் கரையில இருந்த பழைய கடல் வியாபாரிங்க, கப்பல்ல வந்து டின் வாங்கிட்டுப் போயிருக்காங்க, வெண்கலத்துக்கு டின் இல்லாம முடியாது இல்ல. அப்ப இந்த மேடெல்லாம் 3000 வருஷப் பழசுன்னு தைரியமா சொல்லலாம், நண்பர் சொன்னது பாதி சரிதான்.

கருங்கல்பித்தன்:
@கடல்வழி ஃபினிஷியர் கதை ரொம்ப நாளா சுத்துது, ஆனா அவங்க டெவன்லயோ பக்கத்து மாவட்டம் கார்ன்வால்லயோ காலடி வச்சதுக்கு மண்ணுல இருந்து ஒரு சான்றும் வரல.

அகழாய்வு_அம்மு:
ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்றீங்க. டார்ட்மூர்ல வெண்கலக் காலத்துலயே டின் தெரிஞ்சிருந்துச்சு, அதுல சந்தேகம் இல்ல. 2011ல வைட்ஹார்ஸ் ஹில்ல கரிமண்ணுக்குள்ள (செடிகொடி மக்கிச் சேர்ந்த பீட் மண்ணு) இருந்த ஒரு கல் பெட்டிக் கல்லறையத் தோண்டினாங்க, எரிச்ச எலும்பு, கரடித்தோல், ஆம்பர் (கல்லா இறுகின மரப்பிசின்) மணி, கூடவே ஒரு டின் மணியும், மாட்டு முடியில பின்னின கைப்பட்டையில வரிசையா குட்டி டின் குமிழும். கிமு 1700 வாக்குல வச்சது. இன்னொண்ணு, இஸ்ரேல் கடலடியில கிடைச்ச வெண்கலக் காலக் கடைசி டின் கட்டிகளோட ஐசோடோப் அளவ (எந்த இடத்துத் தாதுன்னு காட்டற அணு அடையாளம்) 2019ல வெளியிட்டாங்க, தென்மேற்கு பிரிட்டன் தாதோடதான் நல்லா ஒத்துப்போகுது. சரக்கு போயிருக்கு, ஆனா கை மாறிக் கை மாறிப் போயிருக்கலாம், அதுக்கு ஃபினிஷியன் கப்பல் இங்க வந்து நிக்கணும்னு அவசியமே இல்ல.

ஆனா உங்க கண்ணுல படற மேடு அந்தக் காலத்துது இல்ல. பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டுல இருந்து 17 வரைக்கும் நடந்த வேலை. எழுத்துல முதல் குறிப்பு 1156ல வருது, அந்த நூற்றாண்டுல டின் உற்பத்தியில டெவன் கார்ன்வாலையே தாண்டிட்டு இருந்துச்சு, அப்புறம் கார்ன்வால் முந்திடுச்சு, டெவன் உச்சம் தொட்டது 1524ல. ஆதி மனுசன் அள்ளின அதே சரளையத்தான் இவங்களும் அள்ளினாங்க, ஒருதடவை இல்ல, திரும்பத் திரும்ப, பழைய கழிவையே மறுபடி கழுவினாங்க. அப்ப முன்னாடி நடந்த வேலையோட தடம் எங்க மிஞ்சும்? டார்ட்மூர் டின் ஆய்வுல எனக்கு இதுதான் பெரிய வயித்தெரிச்சல், சான்றே சான்ற அழிச்சிருக்கு. அதனாலதான் ஆளுங்க மேட்ட விட்டுட்டு ஆத்துப்படுகை வண்டலையும் கரிமண்ணையும் நோண்டறாங்க, மேல கழுவின சேறு கீழ எங்க படிஞ்சுதோ அங்க தேதி கிடைக்கும்னு.

பிளிமத்வாசி:
அடேங்கப்பா, நன்றி நன்றி. இன்னொரு டவுட், அங்கயே ஆத்தோரம் இடிஞ்ச சின்னக் கல்கட்டடம், அதுக்குள்ள ஒரு பாறையில ஜோடியா ரெண்டு வழவழப்பான குழி, சோத்துக் கிண்ணம் அளவு. மாடு தண்ணி குடிக்கிற தொட்டின்னு நெனச்சேன்.

அகழாய்வு_அம்மு:
சூப்பர், அதான் ப்ளோயிங் ஹவுஸ், டின் உருக்கின இடம். மெரிவேல் பக்கமே அப்படி மூணு இருக்கு, மேல இருக்கறத டார்ட்மூர் டின்வொர்க்கிங் ரிசர்ச் குரூப் 1990கள்ல தோண்டினாங்க. ஜோடிக் குழி தாது இடிச்சதுல விழுந்தது: தண்ணிச் சக்கரம் சுத்தும், இரும்பு மாட்டின ரெண்டு உலக்கை மாறி மாறி இறங்கும், கல்லு குடைஞ்சிடும், ரொம்ப ஆழமாயிட்டா கல்லப் புரட்டி அடுத்த பக்கத்துல வேலைய ஆரம்பிப்பாங்க. நாலு பக்கமும் குழியோட கிடக்கற கல்லக்கூட பாக்கலாம். இடிச்சத கழுவி, கரியோட உலையில போட்டு, அதே மாதிரி தண்ணிச் சக்கரத்துல துருத்தி ஓட்டுவாங்க. உருகினத கருங்கல்லுல வெட்டின தொட்டி மாதிரி அச்சுல ஊத்துவாங்க, அதுவும் பக்கத்துல கிடக்கலாம், சாய்வான ஓரம் இருக்கற நீள்சதுரக் குழிய தேடிப் பாருங்க. உருக்கின கட்டி அப்படியே சந்தைக்குப் போக முடியாது, டாவிஸ்டாக், ஆஷ்பர்ட்டன், சாக்ஃபோர்ட், பிளிம்டன் இந்த நாலு ஊர்ல ஒண்ணுக்குக் கொண்டு போய் எடை போட்டு மூலைய வெட்டித் தரம் பாத்து வரி கட்டணும், 1838 வரைக்கும் அந்த வரி இருந்துச்சு.

வக்கீல்குமாஸ்தா:
குறுக்க வரேன், மன்னிக்கவும். அந்த டின்காரங்களுக்குத் தனிச் சட்டம், தனிக் கோர்ட்டு, லிட்ஃபோர்டுல தனி ஜெயில். கழுவின சேறெல்லாம் ஆத்துல இறங்கித் துறைமுகத்த மூடுதுன்னு 1512ல ரிச்சர்ட் ஸ்ட்ரோட்னு ஒரு எம்பி பார்லிமென்ட்ல மசோதா கொண்டாரப் போனாரு, டின் கோர்ட்டு அவருக்கே அபராதம் போட்டு, கட்டலன்னு தூக்கி லிட்ஃபோர்டு ஜெயில்ல போட்டுச்சு! அப்புறம் அவருக்காகப் போட்ட சட்டத்தத்தான் பார்லிமென்ட் பேச்சுரிமைக்கு ஆரம்பம்னு இன்னைக்கும் காட்டறாங்க. அவ்ளோ செல்வாக்கு அந்தக் கூட்டத்துக்கு.

கருங்கல்பித்தன்:
@பிளிமத்வாசி இன்னும் பாக்கணும்னா வாரன் ஹவுஸ் இன்ங்கற பப் கிட்ட வண்டிய நிறுத்திட்டு வைடிஃபர் பக்கம் இறங்குங்க, அங்க சரளை இல்ல, மலைக்குள்ள இருந்த தாதுப் பட்டையையே மேல இருந்து வெட்டின ராட்சசப் பள்ளம். மாசி, பங்குனி வாக்குல போங்க, புதர்ச்செடி படுத்திருக்கும், சாயங்கால வெயில் சாய்வா விழறப்ப மேடெல்லாம் நல்லா எடுப்பா தெரியும். பல இடம் பாதுகாக்கப்பட்ட சின்னம், அதனால மெட்டல் டிடெக்டர் எடுத்துட்டுப் போயிடாதீங்க, குழி விழுந்த கல்ல அசைக்கவும் வேணாம். வரி மேடுங்களுக்கு நடுவுல இருக்கற பச்சை சதுப்புல கால் வைக்கறதுக்கு முன்னாடி குச்சியால குத்திப் பாத்துக்கோங்க.