வரையத் தெரியும், செய்யத் தெரியாது: ஆறு வாரத்தில் கற்க முடியுமா?

கேள்வி

மூன்று வருடமாகக் கணினியில் மேசை, அலமாரி எல்லாம் வரைகிறேன். கையால் ஒன்றும் செய்ததில்லை. போன மாதம் என் வரைபடத்தைப் பார்த்த தச்சர், "இந்த ஸ்க்ரூவை எப்படி முடுக்குவது? கையே நுழையாதே" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது ஆறு வாரம் விடுப்பு இருக்கிறது. வடிவமைப்பையும் வேலையையும் சேர்த்துக் கற்க என்ன செய்யலாம்?

பதில் 1

ஆறு வாரம் தாராளம். ஆனால் ஆறு பொருள் செய்யக் கிளம்பாதீர்கள். ஒரே ஸ்டூலை நான்கு முறை செய்யுங்கள். நான் அப்படித்தான் கற்றேன்.

முதல் ஸ்டூல் அட்டையில், முழு அளவில், 45 செ.மீ. உயரம். என் வரைபடத்தில் கால்கள் 20 டிகிரி வெளியே சாய்ந்திருந்தன. திரையில் அழகாகத்தான் இருந்தது. அட்டையில் செய்து வைத்தால், பக்கத்தில் நடக்கும்போதெல்லாம் கால் இடறியது. 10 டிகிரியாகக் குறைத்தேன். ஒரு கத்தியும் பத்து நிமிடமும் போதுமாக இருந்தது.

இரண்டாவது, மலிவான மரத்தில், ஸ்க்ரூ போட்டு. தச்சர் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கும். டிரில் எங்கே நுழையாது என்று கையே சொல்லிவிடும். மர ஓரத்தில் முதலில் சிறிய துளை போடாமல் ஸ்க்ரூவை இறக்கினால் மரம் பிளக்கும். எனக்கு இரண்டு கால்கள் போயின.

மூன்றாவதில் கழுந்தும் துளையும், அதாவது ஒரு கட்டையின் முனையை ஒடுக்கி அறுத்து (அதுதான் கழுந்து) இன்னொரு கட்டையின் துளையில் செருகும் இணைப்பு. இதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். நான் கழுந்தை முதலில் அறுத்துவிட்டு அதற்கேற்பத் துளை போட்டேன். எல்லாம் லொடலொடவென்று ஆடின. துளையை முதலில் போட வேண்டும். அதன் அகலத்தை உளியின் அகலமே தீர்மானித்துவிடும். கழுந்தைக் கொஞ்சம் தடிமனாக விட்டு, துளைக்குப் பொருந்தும்வரை சீவிக்கொண்டே வரலாம். உளி மழுங்கியிருந்தால் இது எதுவும் நடக்காது, அதனால் முதல் இரண்டு நாள் சாணை பிடிக்க மட்டும் பழகுங்கள்.

நான்காவதற்கு முன்னால் மறுபடி வரையுங்கள். ஒவ்வொரு கோட்டையும் எந்தக் கருவியால் அறுப்போம் என்று அப்போது தெரிந்திருக்கும்.

பதில் 2

நல்ல யோசனை, ஆனால் ஸ்டூலுக்கு முன்னால் மூன்று நாள் மூலப்பொருட்களோடு பழகுங்கள். 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் மாணவர்களை நேராகப் பட்டறைக்கு அனுப்பவில்லை, முதலில் ஓர் அடிப்படைப் பயிற்சி. அங்கே யோசப் ஆல்பர்ஸ் என்ற ஆசிரியர் வெறும் காகிதத்தை மடிக்கவும் வெட்டவும் வைத்துத்தான் பொருளின் குணத்தைப் புரியவைத்தார். ஒரே மரத்துண்டை இழையோட்டத்தோடும் குறுக்காகவும் இழைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மரமா என்று தோன்றும்.

கேட்டவர்

மூன்றாவது வாரம். இரண்டாவது ஸ்டூல் முடிந்தது. அண்ணா, அது ஆடுகிறது! ஒரு காலை அறுத்தேன், அடுத்தது ஆடுகிறது.

பதில் 1

அறுப்பதை நிறுத்துங்கள். சமமான பலகையில் நிறுத்தி, குட்டையான காலுக்கடியில் மெல்லிய சில்லு வைத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒரு சிறிய மரக்கட்டைமேல் பென்சிலைப் படுக்கவைத்து, பலகைமேல் நகர்த்தியே நான்கு கால்களிலும் சுற்றிக் கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் அறுத்தால் போதும். அடுத்த ஸ்டூலில் பசை காய்வதற்குள் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, சமமா என்று பார்த்துவிடுங்கள். கழுந்து முடிந்ததும் படம் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.